பயணமும் எளிமையும்

புலவர்க்குப் பயணம் புதியதன்று. பண்டைத் தமிழகத்தில் பாணரும் கூத்தரும் பொருநரும் ஊர்தோறும் நடந்தனர். காடும் மலையும் ஆறும் கடந்தனர். வள்ளல்களிடம் பரிசில் பெற்று மீண்டபொழுது, எதிர்ப்பட்ட வறியோர்க்கு வழிகாட்டி விடுத்தனர். அவ்வழக்கத்தினின்றே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை தோன்றிற்று. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. செங்கண்மா என்னும் ஊரில் இருந்த நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துவதாக அதனைப் பெருங்கௌசிகனார் பாடினார். அச்செங்கண்மா இக்காலத்துச் செங்கம் என வழங்குகிறது. திருவண்ணாமலையிலிருந்து செங்கம் நோக்கிச் செல்லும் சாலையில், மலையின் அடிவாரத்தில், இரமணாசிரமம் அமைந்துள்ளது.

கூத்தர் நடந்த அந்நாட்டிற்கு, 1938-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடல் கடந்து ஓர் ஆங்கில நாவலாசிரியர் வந்தார். அவர் பெயர் சாமர்செட் மாம். அவர் பரிசில் நாடி வந்தவர் அல்லர், பெருஞ்செல்வர், உலகெங்கும் புகழ் பெற்றவர். அவர் காண வந்த மனிதரோ கோவணம் ஒன்றையே உடையாக உடையவர். எல்லாம் உடையவர் ஒன்றும் இல்லாதவரைக் காண வந்தார். அச்சந்திப்பு ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு நாவலாக மலர்ந்தது. எழுத்தாளனுக்குப் பயணம் எதனைத் தருகிறது, எளிமை எதனைக் கற்பிக்கிறது என்பவற்றை அறிய விரும்புவோர்க்கு இவ்வரலாறு நல்லதொரு சான்றாகும்.

கேட்கப் பழகிய இளமை

மாம் 1874-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25-ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். பத்து வயதில் தந்தையையும் இழந்தார். பின்னர் இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்த சிற்றப்பனாரிடம் வளர்ந்தார். பிரெஞ்சு மொழி பேசிப் பழகிய சிறுவனுக்கு ஆங்கிலப் பள்ளி அயலிடமாயிற்று. அதனோடு திக்குவாயும் சேர்ந்துகொண்டது. உடன் பயின்றோர் எள்ளி நகைத்தனர். சிறுவன் பேச்சைக் குறைத்தான். பிறர் பேசுவதைக் கூர்ந்து கேட்கலானான். பேசுவோன் தன்னைக் காட்டுகிறான். கேட்போன் பிறரைக் காண்கிறான். குறை என்று கருதப்பட்ட அத்திக்குவாயே அவரைக் கேட்கும் கலைக்குப் பழக்கிற்று.

வளர்ந்தபின் அவர் இலண்டனிலுள்ள புனித தாமசு மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். அதன் அருகில் இலாம்பெத்து என்னும் ஏழைகள் வாழும் பகுதி இருந்தது. மகப்பேறு பார்க்கும் மாணவ மருத்துவராக அவர் அப்பகுதியின் இருண்ட சந்துகளிலும் ஒற்றை அறைக் குடியிருப்புகளிலும் இரவும் பகலும் சென்றார். மூன்று வாரங்களில் 63 மகப்பேறுகளுக்குத் துணை நின்றதாக அவரே எழுதியுள்ளார். பசியையும் பிணியையும் துணிவையும் அன்பையும் திரையின்றி அங்குக் கண்டார். அக்காட்சிகளே 1897-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது முதல் நாவலுக்கு ஊற்றாயின. தேர்வில் தேறி மருத்துவரான அதே ஆண்டில், அவர் அத்தொழிலை விடுத்து எழுத்தையே வாழ்வாகக் கொண்டார். பயணம் என்பது தொலைவினால் மட்டும் அளக்கப்படுவதன்று. தன் வீட்டு வாயிலைக் கடந்து, தான் அறியாத மக்களின் வாழ்வினுள் புகுவதும் பயணமே.

கடல்களுக்கு அப்பால்

பின்னர் அவர் மெய்யாகவே கடல்களைக் கடந்தார். 1916-ஆம் ஆண்டில் தென்கடல் தீவுகளுக்குப் பயணமானார். தாகித்தி என்னும் தீவில் கோகன் என்ற பிரெஞ்சு ஓவியர் தம் இறுதி நாட்களிற் பலவற்றைக் கழித்திருந்தார். செல்வ வாழ்வைத் துறந்து ஓவியத்திற்காகவே வாழ்ந்த அவரைப் பற்றி அறிய மாம் அங்குச் சென்றார். ஒரு சிறு குடிசையின் கதவுக் கண்ணாடியில் கோகன் தீட்டிய ஓவியம் ஒன்று எஞ்சியிருந்தது. அவ்வீட்டாருக்கு அது வெறுங்கதவு. மாமுக்கோ அது கலைச்செல்வம். அதனை 200 பிராங்கு கொடுத்து வாங்கினார். 1919-ஆம் ஆண்டில், கோகனது வாழ்வின் சாயலில் ஒரு நாவலை எழுதி வெளியிட்டார்.

சீனம், மலேயா, பருமா, சயாம் முதலிய நாடுகளிலும் அவர் உலவினார். கப்பலில் உடன் வந்தோரும், தோட்டத் துரைமாரும், அரசு அலுவலரும், வணிகரும் தத்தம் கதைகளை அவரிடம் கூறினர். நாள்தோறும் கண்டவற்றையும் கேட்டவற்றையும் அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். முகம், நடை, உடை, பேச்சின் ஒரு சொல் என எதனையும் அவர் சிறிதென்று விடவில்லை. அக்குறிப்புகளின் தொகுப்பு 1949-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. பயணம் செய்வோர் பலர்; கண்டதைக் குறித்து வைப்போர் சிலர்; குறித்ததை ஆண்டுக்கணக்கில் மனத்தில் ஊறவைத்துப் பின் எழுதுவோர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் மாம்.

மாளிகையும் எழுத்தறையும்

நூல்களாலும் நாடகங்களாலும் அவருக்குப் பெரும்பொருள் குவிந்தது. பிரான்சின் தென் கடற்கரையில் மாளிகை ஒன்றை வாங்கி வாழ்ந்தார். ஏவலாளர் பலர் இருந்தனர். விருந்தினர் ஓயாது வந்தனர். எனவே அவரை எளிய வாழ்வினர் என்று கூறுதல் உண்மையாகாது. எனினும், அம்மாளிகையின் மேல்தளத்தில் அவர் அமைத்த எழுத்தறை வேறோர் உண்மையைக் கூறும். அவ்வறையின் சாளரம் நீலக்கடலை நோக்கி இருந்தது. அவ்வழகிய காட்சி கருத்தைக் கவர்ந்து எழுத்தைக் கெடுக்கும் என்று எண்ணி, அவர் அச்சாளரத்தை அடைத்துவிட்டார். தாகித்தியிலிருந்து கொணர்ந்த கண்ணாடி ஓவியத்தை அவ்வறையில் பதித்தார். காலைப் பொழுதெல்லாம் அங்கமர்ந்து எழுதினார். விருந்தினர் எத்தகையோராயினும் அந்நேரத்தில் அவரைக் காண இயலாது.

எழுத்து நடையிலும் அவர் எளிமையையே போற்றினார். தம் எழுத்து வாழ்வைப் பற்றி 1938-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நல்ல நடைக்குத் தெளிவு, எளிமை, செவிக்கினிமை ஆகிய மூன்றும் வேண்டும் என்று வற்புறுத்தினார். அணிகளைக் குவிப்பதை அவர் விரும்பவில்லை. ஆயினும் நடையில் எளிமை அமைவது ஒன்று. வாழ்வே எளிமையாவது மற்றொன்று. அவ்விரண்டாவது எளிமையின் முழு உருவை அவர் திருவண்ணாமலையிற் கண்டார்.

அண்ணாமலை அடிவாரம்

திருவண்ணாமலையில் அந்நாளில் வாழ்ந்தவர் இரமண மகரிஷி. அவர் பாண்டி நாட்டுத் திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். மதுரையிற் பயின்றபொழுது, 1896-ஆம் ஆண்டில், இறப்பைப் பற்றிய அச்சம் திடீரென அவரைப் பற்றியது. இறப்பது உடல்தானே, நான் என்பது யாது என்று அவர் தம்முள்ளே ஆராய்ந்தார். சில வாரங்களில், எவரிடமும் கூறாது அண்ணாமலைக்குப் புறப்பட்டார். கட்டணம் செலுத்துமாறு தமையனார் தந்த ஐந்து ரூபாயில் வழிச்செலவுக்கு மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்துச் சென்றார். பதினாறு வயது இளைஞரின் அச்செயலிலேயே, தேவைக்கு மேல் ஒன்றையும் கொள்ளாத உள்ளம் விளங்குகிறது.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் அவர் திருவண்ணாமலையை அடைந்தார். கையில் எஞ்சிய காசையும் குளத்தில் எறிந்தார். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக உடுத்தார். கோயிலின் பாதாள இலிங்கக் குகையிலும், பின்னர் மலைமேல் விரூபாட்ச குகையிலும், கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். 1922-ஆம் ஆண்டில் அன்னையார் மறைந்தபின், அவரை அடக்கம் செய்த இடத்தைச் சூழ்ந்தே இன்றைய ஆசிரமம் வளர்ந்தது. கைத்தடியும் நீர்க்கமண்டலமும் கோவணமுமே அவர் உடைமைகள். விடியுமுன் அடுக்களையில் அமர்ந்து காய்கறி நறுக்குவார். பிறருக்கு இடாத உணவைத் தமக்கு மட்டும் இட்டால் ஏற்கமாட்டார். ஒருபுறம் எழுதிய தாளையும் வீணாக்காது சேர்த்துத் தைத்துக் குறிப்பேடாக்குவார். உள்ளது நாற்பது முதலிய தமிழ் நூல்களை இயற்றியவரும் அவரே. பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் 1934-ஆம் ஆண்டில் வெளியிட்ட பயண நூலால் அவர் பெயர் மேலைநாடுகளிற் பரவியது. அயல்நாட்டார் பலர் செங்கம் சாலை வழியே வரத் தொடங்கினர்.

ஒரு பிற்பகல்

இந்தியாவைப் பற்றிக் கிப்ளிங் முன்னரே எழுதிவிட்டார் என்று எண்ணியே மாம் நெடுங்காலம் இந்நாட்டிற்கு வாராதிருந்தார் என்பர். அறுபத்து நான்காம் வயதில் வந்தபொழுது, புலி வேட்டையிலும் அரண்மனை விருந்துகளிலும் அவர் மனம் செல்லவில்லை; அறிஞர்களையும் துறவிகளையும் காணவே விழைந்தார். சென்னையில் மகரிஷியைப் பற்றிக் கேள்வியுற்று, பழக்கூடையுடன் காரில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். மாட்டு வண்டிச் சக்கரங்கள் பள்ளமாக்கிய புழுதிச் சாலை அது. வெயிலும் கடுமையாக இருந்தது.

ஆசிரமத்தில் மேஜர் சாட்விக் என்னும் ஆங்கிலேயர் அவரை வரவேற்றார். படைப்பணியை விடுத்து 1935-ஆம் ஆண்டு முதல் அங்கேயே தங்கிவிட்டவர் அவர். உணவு முடிந்து பேசிக்கொண்டிருந்தபொழுது, மாம் திடீரென மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிச் சென்று சாட்விக்கின் சிறு அறையில் கிடத்தினர். மயக்கம் தெளிந்தும் மகரிஷி அமர்ந்திருந்த கூடத்திற்குச் செல்ல அவருக்கு வலிமையில்லை. செய்தி அறிந்த மகரிஷி தாமே அவ்வறைக்கு வந்தார், அருகில் அமர்ந்தார், அமைதியாக நோக்கியிருந்தார். வினவ விரும்புகின்றீரா என்று கேட்கப்பட்டபொழுது, பேசும் நிலையில் தாம் இல்லை என்றார் மாம். பேசாதிருத்தலும் உரையாடலே என்ற கருத்துப்பட மகரிஷி மறுமொழி கூறிவிட்டு, மீண்டும் அமைதியில் ஆழ்ந்தார். சிறிது நேரத்திற்குப்பின் எழுந்து சென்றார். வினாவும் இல்லை, விடையும் இல்லை. சொல்லை விற்று வாழ்ந்த ஒருவருக்கும், சொல்லைக் கடந்து வாழ்ந்த ஒருவருக்கும் நிகழ்ந்த சந்திப்பு அவ்வளவே.

இந்நிகழ்ச்சிக்குப் பின் பரவிய செய்தி ஒன்று அறியத்தக்கது. ஆங்கில எழுத்தாளர் மகரிஷியின் ஆற்றலால் சமாதி நிலை எய்தினார் என்று பலர் பேசினர். அதனை ஒப்பியிருந்தால் மாமுக்குப் பெருமையே சேர்ந்திருக்கும். அவரோ ஒப்பவில்லை. 1958-ஆம் ஆண்டில் வெளியான நூலில் மகரிஷியைப் பற்றி விரிவான கட்டுரை எழுதியபொழுது, தமக்கு நேர்ந்தது மயக்கமே என்றும், அத்தகைய மயக்கம் தமக்கு முன்னரும் வந்ததுண்டு என்றும் கூறினார். அதே கட்டுரையில் மகரிஷியின் வாழ்வை மதிப்புடன் வரைந்தார். தான் எய்தாததை எய்தியதாகக் கூறாமை எழுத்தாளனுக்கு வேண்டிய முதல் நேர்மை. வாழ்வில் துறவியாகாவிடினும், அச்சொல்லில் அவர் எளியவராகவே நின்றார்.

விதையும் விளைவும்

ஊர் திரும்பிய மாம் உடனே நாவல் எழுதிவிடவில்லை. 1939-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940-ஆம் ஆண்டு சூன் திங்களில் பிரான்சு வீழ்ந்தபொழுது, மாளிகையையும் ஓவியங்களையும் விடுத்து அவர் தப்ப வேண்டியதாயிற்று. நிலக்கரி ஏற்றும் கப்பலொன்றில், கரித்தூளிடையே, நெருக்கி அடைக்கப்பட்ட மக்களோடு மக்களாக ஏறத்தாழ மூன்று வாரம் பயணம் செய்து இங்கிலாந்தை அடைந்தார். குடிநீர்க்கும் உணவுக்கும் வரிசையில் நின்றார். அவருடைய எண்ணற்ற பயணங்களுள் அவரே விரும்பாத பயணம் இதுவாகும். இன்றியமையாதது எது, இல்லாமலும் வாழக்கூடியது எது என்பதை அது அவருக்கு உணர்த்தியிருத்தல் வேண்டும்.

பின்பு அமெரிக்காவிற்குச் சென்றார். தென் கரோலினா நாட்டுப்புறத்தில், நூல் வெளியீட்டாளர் ஒருவரின் பண்ணை நிலத்தில், அவருக்கென ஒரு வீடு அமைத்துத் தரப்பட்டது. முன்னைய மாளிகையோடு ஒப்பிட அது சிறியது. விருந்தினர் கூட்டமும் அங்கில்லை. மரங்களும் ஆறும் சூழ்ந்த அத்தனிமையில் அமர்ந்து, திருவண்ணாமலையிலும் பிற இடங்களிலும் கொண்டுவந்த விதைகளை அவர் விளைவித்தார். 1944-ஆம் ஆண்டில் அந்நாவல் வெளிவந்தது. அதன் பெயர் சவரக்கத்தியின் கூர்முனை எனப் பொருள்படும். அப்பெயர் கடோபநிடதத்தினின்று எடுக்கப்பட்டது.

அதன் தலைவன் இலாரி என்னும் அமெரிக்க இளைஞன். முதல் உலகப்போரில் வானூர்தி ஓட்டியபொழுது, நண்பன் ஒருவன் அவனைக் காத்து உயிர் துறக்கிறான். நல்லவன் ஏன் இறந்தான், வாழ்வின் பொருள் யாது என்ற வினாக்கள் இலாரியை விடவில்லை. செல்வம் தரும் அலுவலை மறுக்கிறான். அதனால் மணம் பேசிய பெண்ணையும் இழக்கிறான். பாரிசில் நூல்களைக் கற்கிறான். நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாக உழைக்கிறான். செருமானியப் பண்ணையில் பாடுபடுகிறான். இறுதியில் இந்தியாவை அடைந்து ஒரு குருவின் ஆசிரமத்தில் தங்குகிறான். அமைதி பெற்றபின் காட்டில் ஒளிந்து வாழவில்லை. தன் பொருளை ஈந்துவிட்டு, அமெரிக்காவில் உடலுழைப்பால் வாழத் திரும்புகிறான். அவனுக்கு எதிராக எலியட்டு என்னும் செல்வர் வருகிறார். இறக்கும் தறுவாயிலும், ஒரு விருந்திற்குத் தம்மை அழைக்கவில்லையே என்று அவர் அழுகிறார். எதனை இழந்தும் கலங்காத ஒருவனையும், ஓர் அழைப்புத் தாள் வாராமைக்குக் கலங்கும் ஒருவரையும் அருகருகே நிறுத்தி, முடிவைப் படிப்போரிடமே விட்டுவிடுகிறார் ஆசிரியர்.

நாவலில் வரும் குரு திருவிதாங்கூரில் வாழ்வதாகக் காட்டப்படுகிறார். அவர் பெயரும் வேறு. எனினும் இரமணரின் சாயல் அக்குருவிடம் படிந்துள்ளது என்பது பலர் கருத்து. கண்டதை அவ்வாறே படியெடுப்பது செய்தியாளர் கடமை. கண்டதன் உயிரை வேறோர் உடலில் பெய்து காட்டுவது நாவலாசிரியர் கலை. அந்நாவலில் மாம் தம் பெயரோடே ஒரு பாத்திரமாக வருகிறார். அங்கும் அவர் செய்வது கேட்பதே. பாரிசு நகரத்து உணவு விடுதி ஒன்றில் இரவு முழுதும் இலாரி தன் கதையைக் கூற, அவர் கேட்டிருக்கிறார். திக்குவாய்ச் சிறுவன் பழகிய கலை, எழுபதாம் அகவையில் முழுப்பயன் தந்தது.

இளையோர்க்கு வைத்த கொடை

தமக்குப் பயணம் செய்த நன்மையை மாம் மறக்கவில்லை. 1947-ஆம் ஆண்டில் இளம் எழுத்தாளர்க்கென ஒரு பரிசை நிறுவினார். பரிசுப் பணத்தை அயல்நாட்டுப் பயணத்திற்கே செலவிட வேண்டும் என்று வகுத்தார். 1961-ஆம் ஆண்டில் அதனைப் பெற்றவர் வி. எசு. நைபால். இந்திய வழியினரான அவர் மறு ஆண்டில் தம் முன்னோர் நாட்டைக் காண வந்து, கண்டவற்றை நூலாக எழுதினார். 2001-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். பழந்தமிழ்க் கூத்தன் தான் பெற்ற வளத்திற்கு வழி கூறிப் பிறரையும் ஆற்றுப்படுத்தினான். மாம் நிறுவிய பரிசும் ஒருவகை ஆற்றுப்படையே.

மகரிஷி 1950-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 14-ஆம் நாள் மறைந்தார். மாம் 1965-ஆம் ஆண்டில் தம் 91-ஆம் அகவையில் மறைந்தார். ஒருவர் திருவண்ணாமலையை அடைந்தபின் வேறெங்கும் சென்றவரல்லர். மற்றவர் உலகையே சுற்றியவர். இருவர் வாழ்வும் ஒருவழிப்பட்டன என்று கூற இயலாது. மாம் தம் மாளிகைக்கே மீண்டார்; செல்வத்தைத் துறக்கவில்லை. ஆயினும் தம் வாழ்வைவிட உயர்ந்த ஒரு வாழ்வு உண்டு என்பதைக் கண்டபொழுது, அதனை எள்ளாமலும் மிகைப்படுத்தாமலும் எழுதினார். தன்னினும் உயர்ந்ததைத் தன் சிறுமையால் மறைக்காமல் காட்டுவது எழுத்தாளன் செய்யத்தக்க தவமாகும்.

பயணம் எழுத்தாளனுக்குப் பொருளைத் தருகிறது. எளிமை, அப்பொருளுள் கொள்ளுவன இவை, தள்ளுவன இவை எனப் பகுத்துக் காட்டுகிறது. பயணம் மட்டும் இருப்பின் எழுத்து வெறும் காட்சிக் குவியலாகும். எளிமையும் சேர்ந்தால் அக்காட்சிகள் கருத்தாகக் கனியும். உலகைச் சுற்றிவர எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. எனினும் அடுத்த தெருவில் வாழ்வோரின் இன்ப துன்பங்களை அறிய நடப்பதும், பேச்சைக் குறைத்துக் கேட்பதும், கண்டதை உண்மை வழுவாமல் எழுதி வைப்பதும் எவர்க்கும் இயலும். எழுத விரும்பும் இளையோர் அந்நடையை இன்றே தொடங்கலாம்.